கூழ் நாளும் இரண்டு சவுண்ட் கார்டும்

என் கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு இரண்டு. ஒன்று பெட்டிக்குள்ளேயே இருப்பது. அது மேசைமேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு. இன்னொன்று விரல் நீளம், யுஎஸ்பி துளையில் செருகுவது. அதை ஆடி மாதத்துக்காகவே வாங்கினேன்.

திருப்போரூரில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். மைக்செட்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பாட்டு நான் போடுகிறேன் என்று முன்வந்தேன். இத்தனை வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியும் எனக்குக் கைதட்டல் ஆசை தீரவில்லை. புதுக் கார்டிலிருந்து கோயில் ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் இழுத்தேன். அம்மன் பாட்டு கம்பத்துக் குழாய் ஸ்பீக்கரில். வீட்டுச் சத்தம் வீட்டோடு.

காலையில் பாட்டு கரகரத்தது. கார்டைப் பிடுங்கி மறுபடி செருகினேன். கரகரப்பு போனது. ஆனால் புதிதாக ஒரு கார்டைச் செருகினால், கம்ப்யூட்டர் எல்லாச் சத்தத்தையும் அதற்கே அனுப்பத் தொடங்கிவிடும். எனக்குத் தெரியும். சரிபார்க்கச் சோம்பல். சொம்போடு கூழுக்குப் போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி, கோவளத்தில் இருக்கும் தங்கையை அதே கம்ப்யூட்டரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். மேசை ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காததால், சத்தமாகப் பேசச் சொல்லியிருக்கிறாள். கம்பத்தின் உச்சியிலிருந்து தங்கையின் குரல் தெருவெல்லாம் முழங்கியது.

"எக்கா, இப்ப கேக்குதா? உன் எதிர்வூட்டுக்காரி இந்த வருசமாவது கூழ கெட்டியா காச்சினாளா? போன வருசம் கழனித் தண்ணின்னு சொன்னியே!"

எதிர்வீட்டு அம்மாதான் எனக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது. தெரு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுல எதையோ தப்பா அழுத்திட்டாங்க போல" என்றேன்.

இதுதான் நான் செய்த பாவம். மனைவியும் தான்தான் எதையோ அழுத்திவிட்டதாக நம்பினாள்.

அவளுக்குக் கண் மங்கல். செவ்வாய்தோறும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டு அம்மாதான் பஸ் போர்டு படித்து, கைபிடித்துக் கூட்டிப்போவார். அதற்குப்பின் அவர் வரவில்லை. என்னையும் வேண்டாமென்று தனியே கிளம்பியவள், போர்டு தெரியாமல் எதிர்த்திசையில் போகும் கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பினாள்.

அன்று மாலையே எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அவ எதையும் அழுத்தலம்மா. கார்டைப் பிடுங்கிச் செருகினது நான்."

"கார்டு கெடக்கட்டும்ண்ணே. கழனித் தண்ணின்னு சொன்னது யாரு?"

"அதுவும் நான்தான். போன வருசம் வீட்டுல சொன்னேன். அவ தங்கச்சிகிட்ட சொல்லிட்டா."

"அந்தத் தண்ணிய மூணு சொம்பு வாங்கிக் குடிச்சது?"

"நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். வாசலில் நின்று கூவினார்: "யக்கா, ஓடியா! உன் வூட்டுக்காரர இன்னா பண்ணலாம்னு சொல்லு!"

மனைவி வந்து முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"பழிய எம்மேல போட்டுட்டு, மூணு வேளையும் என் கையால இன்னா ஜோரா சாப்ட்டுகினு இருந்தீங்க" என்றாள்.

அடுத்த செவ்வாய் இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள். நான் நிறுத்தத்தில் நின்று கையசைத்தேன். எதிர்வீட்டு அம்மா மட்டும் திருப்பி அசைத்தார்.