தகரம் மூடுவதற்கு முன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அத்தானுக்குக் கதை விடத் தெரியாது. விட்டாலும் அக்கா ஒரே கேள்வியில் பிடித்துவிடுவாள்.

அவருக்குத் தொல்லியல் வேலை. கல்குவாரியை ஒட்டி, பல நூறு வருஷப் பழைய, சுண்ணாம்பு சுடும் காளவாய் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிணறு மாதிரி வட்டம். இரண்டு ஆள் ஆழம். வெள்ளிக்கிழமை குவாரிக்காரர்கள் அதையும் வெடி வைத்துத் தகர்த்துவிடுவார்கள். அதற்குள் அளந்து வரைந்து முடிக்க வேண்டும்.

செவ்வாயன்று ஓர் ஓரத்தில் எலும்பு வந்தது. மனித எலும்பு என்று பார்த்ததுமே அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி எழுதினால் போலீஸ் வரும், வேலை நிற்கும். பையில் போட்டு, சீட்டில் 'ஆட்டெலும்பு' என்று எழுதிவிட்டார். அந்த ஓரத்தை மேற்கொண்டு தோண்டவும் இல்லை. அன்றிலிருந்தே மனசு உறுத்திக்கொண்டிருந்தது.

வியாழன் மாலை 5.40. காளவாயைத் தகரம் போட்டு மூடுமுன் உள்ளே குனிந்து குரல் கொடுப்பார்கள். ஆளை வைத்து மூடிவிடக் கூடாதே!

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

ஆம்பளைக் குரல். கரகரப்பாக...

அத்தான் திரும்பினார். மேஸ்திரி வண்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, உள்ள யாரு?"

"எல்லாரும் வண்டியில ஏறியாச்சு சார். சட்டுனு மூடிட்டு வாங்க, பசி உயிர் போகுது."

டார்ச் அடித்தார். வெறும் தரை.

உட்சுவரில் கை வைத்தார்... சூடு.

5.46.

"யாருப்பா?"

சுர்ர்ர்... சுண்ணாம்பில் தண்ணீர் விழுந்த சத்தம்.

பிறகு, இன்னும் கிட்டத்தில்...

"இருக்கேன்யா."

தகரத்தைத் தள்ளி மூடினார்.

ஓடினார்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா விடவில்லை.

"இப்பவே ஆபீசருக்கு ஃபோன் பண்ணுங்க. நாளைக்கு வெடி வைக்கப் போறாங்க."

"எலும்புதான் ஆபீஸ்ல பத்திரமா இருக்கே. அங்க இனிமே என்ன இருக்கு? காலையில நேர்ல சொல்லிடறேன்."

வெள்ளி காலை ஏழு மணிக்கு வெடி வைத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு அத்தான் அதிகாரியிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டார். நல்ல டோஸ் விழுந்தது. ஆனாலும் பாரம் இறங்கிய மாதிரி இருந்ததாம்.

பத்து நாள் கழித்து, எலும்பைச் சோதித்த டாக்டர் ஃபோன் செய்தார்.

"மனுஷ எலும்புதான். மொத்தமும் ஒரே ஆளோடது."

"சரி டாக்டர்."

"முப்பது வயசு இருக்கும். பொம்பளை."

அத்தான் ஃபோனை வைத்தார். அப்படியென்றால், பதில் சொன்னவன் அந்தப் பையில் இல்லை. தோண்டாமல் விட்ட ஓரத்தில் இருந்திருக்கிறான். இரண்டு தடவை சொல்லியும், அவன்மேல் தகரத்தைப் போட்டு மூடிவிட்டு வந்தது இவர்தான்.