ஒரு 'தி' போட்டால் ஒருத்தர், ரெண்டு போட்டால் ரெண்டு பேர்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தொண்டைத் தண்ணி வற்றுவது 'எ', 'தி' என்கிற இரண்டு பொடிசுகளால்தான். இங்கிலீஷிடம் அடிபட்ட உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அரியலூரில் என் மாடி வகுப்பில் அந்தப் பொடிசுகள் பண்ணிய அமர்க்களம் இதோ!

காணாமல் போன மாடு

மீன்சுருட்டி செல்விக்கா பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர். முதல் நாளே எழுந்து நின்று, "ஐ ஹேவ் எ பிளாக் அண்ட் ஒயிட் கௌ" என்றார், கணீரென்று! எனக்கு ஒரே குஷி. போர்டில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக ஒரு மாட்டை வரைந்தேன்.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. வெள்ளைக்கு முன்னால் இன்னொரு 'எ' போடாவிட்டால் இரண்டு நிறமும் ஒரே மாட்டுக்குப் போய்விடும் என்று விளக்கினேன். அவர் கேட்டார்: "கட்டுத்தறியில கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு நிக்குது டீச்சர். ஒரு எழுத்துக்காக ஒண்ண அவுத்து வுட்டுட்டீங்களே!"

வராத விருந்தாளி

முருகேசன் கார் ஓட்டுகிறவர். இந்தப் பக்கத்துக் கல்மரங்களை, அதாவது கல்லாகிப்போன ஆதிகால மரங்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவருவார். ஒருநாள் அங்கிருந்து பதறிப்போய்ப் போன் பண்ணினார். "டீச்சர், ஒரு சயின்டிஸ்ட், ஒரு போட்டோகிராபர்னு மெசேஜ் வந்துச்சு. ஒரு அம்மாதான் வந்திருக்காங்க. இன்னொருத்தரக் காணோம்!"

"மெசேஜை அப்படியே படிங்க."

"தி சயின்டிஸ்ட் அண்ட் போட்டோகிராபர்."

"போட்டோகிராபருக்கு முன்னாடி 'தி' இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப ரெண்டும் அந்த அம்மாவேதான். வண்டிய எடுங்க!"

முருகேசன் அசடு வழியச் சொன்னார்: "வந்ததுலேர்ந்து 'ஐ ஆம் போத், ஐ ஆம் போத்'னாங்க டீச்சர். நான் அவங்க பேரு போத்துன்னு நெனச்சு, 'வெல்கம் போத் மேடம்'னுட்டேன்!"

டாக்டர் வந்தாரா?

ஏலாக்குறிச்சி ஸ்டெல்லா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வீடியோ இன்டர்வியூ. ஊரில் நெட் சரியாக வராது என்று என் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். நான் கேமராவில் படாமல் கதவோரம் நின்றேன்.

நோயாளிக்கு மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டார்கள். "தி வார்டு இன்சார்ஜ் அண்ட் டியூட்டி டாக்டர்" என்றாள். இன்டர்வியூ எடுத்த அம்மா புருவத்தைத் தூக்கி, "ரெண்டு வேலையும் ஒரே ஆளா?" என்றார். ஸ்டெல்லா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். உடனே நிமிர்ந்தாள். "நோ மேடம்! தி வார்டு இன்சார்ஜ் அண்ட் *தி* டியூட்டி டாக்டர். டூ பீப்பிள்!" அந்த அம்மா சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்துவிட்டது! சேதி வந்த அன்று மாடிப்படி ஏறும்போதே கத்தினாள்: "டாக்டரையே தொலைச்சுட்டேன் டீச்சர், நல்லவேளை நானே தேடிக் கூட்டியாந்துட்டேன்!"

இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த நான் எங்கள் வீட்டில் இன்னும் 'தி டீச்சர் அண்ட் குக்'தான். நடுவில் இன்னொரு 'தி' போட இதுவரை அங்கே யாரும் முன்வரவில்லை.