மாம்பலம் ஏரியின் மிச்ச மூலை

கல்லூரி மாணவர்கள் அறுத்துப் பார்க்கும் தவளைகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் தேவானையின் பிழைப்பு. புருஷன் இறந்த பிறகு அவன் பானையையும் வலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் மிஞ்சியது கோரை மண்டிய ஒரு மூலை. அதன் கரையில்தான் அவள் குடிசை.

விலங்கியல் ஆசிரியர் அப்துல் கய்யூம் வெகுகாலமாக ஒரு தவளையைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பருமன், விலாவில் சிவப்புக் கோடு. அழிந்தே போயிற்று என்று மற்றவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

"உயிரோட ஒண்ணு கொண்டு வா. அந்த மூலையை விட்டுடச் சொல்லி மேலே கேட்டுப் பார்க்கறேன். வெறுங்கையோட போனா சிரிப்பாங்க."

"மூலைய வுட்டா என் குடிசையும் நிக்கும் இல்ல சார்?"

"நிக்கும்."

ஐப்பசி மழை பிடித்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கோரையை விலக்கி விலக்கித் தேடினாள். மண்வண்டி ஓட்டும் தணிகாசலம் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"இன்னா தேவானை, தவளைக்கு வரன் பாக்கிறியா?"

"உன் மூஞ்சிக்கு ஏத்ததா கெடச்சா சொல்லி அனுப்பறேன். மண்ண அந்தாண்ட கொட்டு."

"நாளைக்கு இந்தாண்டதான். மேஸ்திரி சொல்லிட்டாரு."

அன்றைக்கே கிடைத்தது. உள்ளங்கையில் புரட்டியபோது சிவப்பு தெரிந்தது. வகுப்புக்கான பெரிய தவளைகள் ஏற்கெனவே பானையில் இருந்தன. எப்போதும்போல இதையும் அதிலேயே போட்டு, வாயை ஈரத்துணியால் கட்டி, ஓட்டமும் நடையுமாகப் போனாள். பெரிய தவளை எதிரில் அசைவதையெல்லாம் விழுங்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை வருஷமும் அந்தப் பானைக்குள் போனவை ஒரே அளவுத் தவளைகள்.

கய்யூம் துணியை அவிழ்த்தார். ஒரு பெரிய தவளையின் வாயில் மெல்லிய கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தார். வந்தது, உயிரில்லை.

"இதேதான்," என்றார். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "செத்ததை வெச்சு ஏரியைக் கேட்க முடியாதும்மா. இருந்த கடைசி ஒண்ணும் போச்சுன்னு சொல்லிடுவாங்க."

பொழுது சாயும்வரை அவள் மறுபடி தேடினாள். மறுநாள் வண்டிகள் வந்தபோதும் தண்ணீரில்தான் நின்றாள். மேஸ்திரி அதட்டும்வரை தணிகாசலம் வண்டியைக் கவிழ்க்காமல் இருந்தான். பிறகு கவிழ்த்தான்.

குடிசை போனபின் பட்டினப்பாக்கத்தில் ஒண்டிக்கொண்டு மீன்கூடை சுமந்தாள். நாற்பத்தொன்பதாம் வருஷம் மார்ச்சளி வந்து போய்ச் சேர்ந்தாள். "ஒரு செம்புல தனியாப் போட்டிருக்கலாம்" என்று கூட இருந்த பெண்களிடம் அடிக்கடி சொல்வாளாம். மீனைப் பற்றிச் சொல்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.