கீழறைச் சுவரும் என் செம்பருத்திச் செடிகளும்

ஈரச் சுவருக்கு மருந்து என்று டப்பாவில் விற்பதை வாங்கிப் பூசுகிறவன் முட்டாள். நான் மூன்று முறை பூசியிருக்கிறேன்.

சாரம் பகுதியில் என் வீட்டைக் கட்டியபோது அது தெருவைவிட இரண்டு படி உயரம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது கீழறைக்குள் போக மூன்று படி இறங்க வேண்டும். சுவரில் ஈரம் ஏறும் ஓதத்துக்கு நான் ரோட்டைத் திட்டினேன். திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது.

மாடியில் நான். கீழறையை ஒரு தையல்கார அம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். வேலை பார்த்த மில் மூடிய பின் அவர் கணவருக்கு நிலையான வேலை இல்லை; அந்த அம்மாவின் இரண்டு தையல் மெஷின்களில்தான் குடும்பம் ஓடியது. முதல் மழைக்காலத்திலேயே பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தது.

"சார், நீங்க செடிக்கு ஊத்துற தண்ணிதான் உள்ள வருது. மாடித் தண்ணியும் அங்கதான் வுழுது" என்றார்.

அந்தச் சுவரை ஒட்டி வெளியே செம்மண் கொட்டி மேடாக்கிச் செம்பருத்தி வைத்திருந்தேன். மண் அறையின் தரையைவிடத் தொடையளவு மேலே நின்றது. தினமும் எட்டு வாளித் தண்ணீர். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயையும் செடிக்கு நல்லது என்று நானே அங்கே திருப்பியிருந்தேன்.

"ஜன்னலைச் சாத்திக்கிட்டு இஸ்திரி போடுற, அந்த ஆவிதான். பிசிக்ஸ் வாத்தியாருக்கே பாடம் எடுக்கிறியா?"

"பாடம் எடுக்கல சார். துணி நாறுது, அதான் சொல்றேன்."

மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக மேலேறுவதை முப்பது வருடம் வகுப்பில் செய்து காட்டியவன் நான். செங்கல்லும் அப்படித்தான் உறிஞ்சும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தையல்காரி சொல்லிச் செடியை எடுப்பதா என்ற அற்பத்தனம்தான்.

டப்பாக்கள் தோற்றதும் டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். கொத்தனார் தயங்கினார். "ஈரம் எங்கியாவது வெளிய போவணும் சார். வழிய அடைச்சா மேல ஏறும்."

"சொன்னதைச் செய்யப்பா."

அடுத்த மழையில் ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி, தோள் உயரத்தில் வெளியே வந்தது. தைத்த துணிகளை அவர் மாட்டி வைப்பது அங்கேதான். ஒரு கல்யாண வீட்டுப் பட்டு ரவிக்கைகளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்தது. பெண்ணின் அம்மா வாசலில் நின்று கத்தினார்: "இத போட்டுகினு எம்பொண்ண மணவறைல உக்கார சொல்றியா? எங்க வச்சிருந்த, சாக்கடையிலயா?"

மாடி ஜன்னலில் நின்று முழுவதையும் கேட்டேன். இறங்கிப் போய் என் சுவரால் வந்தது என்று சொல்லவில்லை. பேச்சு பரவியது, துணி கொண்டுவருபவர்கள் நின்றார்கள், அடுத்த மாதம் அவர் முதலியார்பேட்டைக்குக் குடிபோனார்.

அப்போதும் திருந்தவில்லை. காலியான அறையில் என் புத்தகங்களை அடுக்கினேன். அவை பூஞ்சை பிடித்தபோதுதான் மண்வெட்டியை எடுத்தேன். தன் பொருள் கெட்டால்தான் இப்படிப்பட்ட மனிதனுக்குப் புத்தி வரும்.

செடிகளைப் பிடுங்கி, மண்ணை அறைத் தரைக்குக் கீழே வரை வெட்டி எடுத்தேன். குழாயைச் சுவரைவிட்டு விலக்கித் தெரு வாய்க்காலுக்குத் திருப்பினேன். டைல்ஸை உடைத்து, கெட்ட பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விட்டேன். காய்ந்துவிட்டது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஈரம் தெரியும் பக்கத்தில் பூசிக்கொண்டிருக்காதீர்கள். மறுபக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே குடியிருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

போன மாதம் இரண்டு சட்டைத் துணிகளுடன் முதலியார்பேட்டைக்குப் போனேன். மாடியில் சின்ன அறை. ஒரு மெஷின்தான் இருந்தது. பழைய பேண்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"சுவர் காஞ்சிடுச்சும்மா. நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு நான் இறங்கி வந்து சொல்லியிருக்கணும்."

"நீங்க ஜன்னலாண்ட நின்னத அன்னிக்கே பாத்தேன் சார்."

துணிகளை வாங்கினார். அளவு பார்க்கும் முன் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"வெள்ளிக்கெழம வாங்க" என்றார்.