ஊதாப் புகை வராத நீலம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை நேற்று ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பின்னட்டையில் 'இயற்கை அவுரி மையில் அச்சிட்டது' என்று போட்டிருந்தது. படத்தைப் பாருங்கள் என்று நீட்டியவளிடம் வாங்கி, நான் முதலில் செய்தது புத்தகத்தை விரித்து மூக்கில் வைத்ததுதான். "மோந்து பாக்கதுக்கா பொஸ்தகம்?" என்று சிரித்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

எண்பதுகளின் கடைசியில் நானும் ஜெயராணியும் இப்படி ஒரு மை செய்தோம். ராஜபாளையத்தில் அவளுடைய அப்பா நடத்திய அச்சகத்துக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. கல்லூரியில் வேதியியல் வகுப்பில் ஒரே பெஞ்ச் நாங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர என் அப்பா சம்மதிக்கவில்லை. ஜெயராணிதான் வீட்டுக்கு வந்து, சட்டமாக நாற்காலியில் உட்கார்ந்து, "நம்பி அனுப்புங்க மாமா. ஒங்க மகளுக்கு நான் பொறுப்பு" என்றாள். அப்பா காபி கொடுத்து அனுப்பினார். மறுநாள் நான் பஸ்ஸில் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அவுரி என்றால் பேதி மருந்துக்குப் போகிற செடி. நீல அவுரி வேறு. இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மகாராஜபுரத்தில் சுப்பையா அண்ணாச்சி மட்டும்தான் முழுதாகக் கேட்டார். "ரெண்டு பொட்டப்புள்ளைய இம்புட்டு தூரம் வந்து கேக்கிய. போட்டுப் பாப்போம்" என்று, கடலை போட வைத்திருந்த காட்டில் எங்களுக்காக அவுரி விதைத்தார்.

அறுத்த தழையைச் சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போட்டால், கழுவாத மாட்டுத்தொழுவம் மாதிரி நாறும். அந்தத் தண்ணீரை வடித்துக் கம்பால் அடிக்க அடிக்க, மஞ்சளும் பச்சையுமாய்க் கிடந்தது நுரை கட்டி நீலமாக மாறும். அடியில் தங்கும் சேற்றைத் துணியில் வடித்து, காயவைத்து, பொடித்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சேர்த்து உருளை மிஷினில் அரைத்தால் அச்சு மை. வேலம்பிசின் சேர்த்தால் பிள்ளைகள் படம் வரையும் வண்ண வில்லை. என் விரல்களில் நீலம் போகவே போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, "இருதயத்துல ஏதும் கோளாறா?" என்று மெதுவாக விசாரித்தார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. நானும் ஜெயராணியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கொட்டகைக்கு யார் வந்தாலும் நான் ஒரு வித்தை காட்டுவேன். கரண்டியில் ஒரு சிட்டிகை அவுரிப் பொடியை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், அழகான ஊதா நிறத்தில் புகை எழும். வேறு நீலங்களில் எங்களுக்குத் தெரிந்து எதிலும் அப்படி எழாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்து அம்மா வந்தார். குழந்தைகள் வாயில் வைத்தாலும் பயமில்லாத புத்தகம் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏற்கெனவே எங்களிடம் மை வாங்கி ஒரு புத்தகம் அடித்திருந்தார். இன்னும் நிறைய வேண்டும் என்று பேச வந்தவருக்கு வித்தையைக் காட்ட, சாக்கிலிருந்து பொடியை அள்ளினேன். புகை வரவில்லை. பொடி கருகித் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறியது. கரண்டியைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். அதே துரு.

"இது அவுரி இல்ல" என்றேன்.

ஜெயராணி அசையவே இல்லை. வந்தவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "பொடி சேக்கதெல்லாம் இவதான் மேடம். நான் அச்சகத்தப் பாக்கவ. எனக்கே இப்பதான் தெரியுது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "குழந்தைங்க விஷயம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போன பிறகு ஜெயராணி என் முன்னால் உட்கார்ந்தாள். "ஏட்டி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நெறமா வந்தா மிஷின்ல யாரு ஓட்டுவா? கடையில கிடைக்க நீலத்த ரெண்டு மூணு மாசமா கலந்துக்கிட்டுதான் இருக்கேன். இந்தச் சாக்கு முழுக்க அதுதான். ஒனக்கே தெரியல பாத்தியா?"

"என்னய ஏன் சொன்ன?"

"யாரையாவது சொல்லணும்லா. அப்பா பேரு இருக்கு, பிரஸ் இருக்கு. ஒனக்கு என்ன, கல்யாணம் முடிஞ்சா போயிருவ."

அன்றைக்குப் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வரை போய்விட்டேன், இறங்க வேண்டிய ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்தது தெரியாமல். அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "அந்தப் புள்ளையா அப்படிச் சொல்லும்?" என்றார். அதுதான் அதிகம் வலித்தது.

பிறகுதான் மகாராஜபுரத்துச் சேதி வந்தது. அறுவடைக்கு நின்ற அவுரி இனி வேண்டாம் என்று, நானே சொன்னதாக என் பெயரைச் சொல்லி ஜெயராணி ஆள் அனுப்பியிருக்கிறாள். அண்ணாச்சி முழுவதையும் மடக்கி உழுதுவிட்டார். ஓடிப்போய், நான் சொல்லவே இல்லை, அவள்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ஏரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"விடு தாயி. வரும்போது ரெண்டு பேருமாத்தான வந்திய. எவ சொன்னா எனக்கு என்ன?"



ஜெயராணி தொண்ணூறுகளின் பாதிவரை டப்பாவில் இலைப் படம் போட்டு மை விற்றாள். பிறகு அச்சகத்தையும் விற்றுவிட்டு எங்கோ போனாள் என்றார்கள், நான் விசாரிக்கவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பைக் கழுவுகிறார்கள். மகாராஜபுரத்துக் காட்டில் தென்னை நிற்கிறது. அந்தப் பக்கம் அதற்குப் பிறகு யாரும் நீல அவுரி விதைத்ததாகத் தெரியவில்லை. இரண்டு பெண்கள் வந்து கேட்டால் காட்டைக் கொடுக்கிற ஆளும் அங்கே இப்போது இல்லை.