ரசீது சித்தப்பாவும் ஞாபக மாத்திரையும்

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. சித்தப்பாவின் மகன் போனில், "அக்கா, அப்பா போயிட்டாரு" என்றான்.

"எங்கடா போயிட்டாரு?" என்று கேட்டேன். வங்கிக்கு என்று கிளம்பி, தபால் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். இந்த முறை எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்றுதான் என் புத்தி ஓடியது. தம்பி, "கடையில, நாற்காலியில உக்காந்தபடியே" என்றான்.

செத்துப்போனார் என்பது எனக்கு அன்று மாலைக்குள் விளங்கிவிட்டது. மற்றது இன்னும் விளங்கவில்லை.

சித்தப்பா சலவைக்கடை வைத்திருந்தார். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு அறைகள், நடுவில் ஒரு பச்சைத் திரை. முன்னறையில் கவுண்டர், அவருடைய நாற்காலி, வாடிக்கையாளர்கள் தலை வாரிக்கொள்ள ஒரு கண்ணாடி. பின்னறையில் சித்தியின் இஸ்திரி மேசை. பின்சுவரில் தொடங்கி, திரையைத் தாண்டி, கவுண்டர் வரைக்கும் தலைக்கு மேலே ஒரே இரும்புக் கம்பி ஓடும். சித்தி இஸ்திரி போட்ட துணியை ஹேங்கரில் கோத்து உள்பக்கம் மாட்டுவாள். சித்தப்பா வெளிப்பக்கம் இழுத்துக் கொடுப்பார்.

ரசீது கொடுக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. "காகிதம் குடுத்தா காகிதத்த நம்பறேன்னு அர்த்தம். எனக்கு உங்க மூஞ்சி போதும்" என்பார். அதனாலேயே அவருக்கு ரசீது என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. அவருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. ஆனால் எந்த முகத்துக்கு எந்தக் காலர் இடது பக்கம் நைந்திருக்கும் என்று தெரியும்.

அறுபத்தைந்தைத் தாண்டியபின் அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கஞ்சி போடவா என்று ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்பார். நீல நிறச் சட்டைகளில் தடுமாறுவார். பெரிய தப்பு ஒன்று நடந்தது. பக்கத்துத் தெரு வக்கீலின் அங்கியும், சலூன்காரர் முடி வெட்டும்போது போர்த்துகிற துணியும் ஒரே நாளில் வந்தன. இரண்டும் கறுப்பு. வக்கீல் கோர்ட்டில் பையைத் திறந்து உதறியிருக்கிறார். கையே இல்லை, கழுத்தில் கட்ட நாடா மட்டும் இருந்திருக்கிறது. சலூன்காரர் தன் பங்கைத் தோளில் போட்டுக்கொண்டே கடைக்கு வந்தார்.

"ரசீது, நான் வெட்டறவன்யா. எனக்கு வாதாடத் தெரியாது."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கோர்ட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருந்த வக்கீல் சிரிக்கவில்லை. அன்று மாலை தம்பியும் சிரிக்கவில்லை.

"அப்பா, இன்னும் ஒரு துணி மாறட்டும், மறுநாளே கம்ப்யூட்டர் வாங்கறேன். டோக்கன் போட்டுடலாம். கவுண்டர்ல நான் உக்காந்துக்கறேன். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுத்து எங்கடா வைக்கிறது?" என்றார் சித்தப்பா. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அவர் முகம் வெளிறிப் போயிருந்ததாகச் சித்தி சொன்னாள். அந்த நாற்காலி போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவர் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் அலமாரியிலிருந்து டப்பாக்களை எடுத்து வைத்தார். மீன் எண்ணெய் ஒன்று, வைட்டமின் ஒன்று, ஏதோ ஒரு மரத்தின் இலைச் சாறு ஒன்று.

"இதெல்லாம் மருந்தில்லண்ணே, சத்துதான். ஞாபகத்துக்கு நல்லதுன்னு போட்டிருக்கான். வாங்கிட்டுப் போனவங்க திரும்பத் திரும்ப வர்றாங்க."

"குணமாயி வர்றாங்களா, வாங்கினத மறந்துட்டு வர்றாங்களா?"

இருந்தாலும் இலை மாத்திரையை வாங்கிக்கொண்டார். டப்பாவின் மேல் ஒரு தலை, தலைக்குள் எரிகிற பல்பு. அதைக் கவுண்டரில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார்.

அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் ஒரு துணிகூட மாறவில்லை. நானே பார்த்திருக்கிறேன். ஆள் படியேறும்போதே அவர் கை கம்பிக்குப் போகும், துணி வந்துவிடும். "பாத்தியா, மாத்திரை பேசுது" என்பார். என் அப்பாவுக்கும் ஒரு டப்பா சிபாரிசு செய்தார். தம்பி கம்ப்யூட்டர் பேச்சையே விட்டுவிட்டான்.

ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்கவில்லை. திரையை விலக்கி எட்டிப் பார்த்த சித்தி, "முழுங்கற மாத்திரைய ஏங்க சப்பறீங்க?" என்றாள்.

"மெதுவா கரைஞ்சா நேரா மூளைக்கு ஏறும்."

"யாரு சொன்னது?"

"மூளைதான்."

சித்தி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். கடையில் புதினா வாசம் அடித்தது. நல்ல வாசனையாகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் சித்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கையிலிருந்த துண்டை இஸ்திரி போடுகிற மாதிரி மடியில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க சித்தப்பாவுக்கு ஞாபகம் வரவே இல்லம்மா. நான்தான் தள்ளி விட்டேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். திரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதன் வழியே முன்னறைக் கண்ணாடியில் யார் வருகிறார்கள் என்று தெரியும். ஆளைப் பார்த்ததும் அவருடைய துணியைக் கம்பியில் முன்னால் தள்ளி, திரைக்கு வெளியே நிற்கும்படி விட்டுவிடுவாள். சித்தப்பா கையை நீட்டினால் முதலில் சிக்குவது அதுதான்.

"மாத்திரைன்னு நெனச்சு சந்தோசமா இருந்தாரு. அது போதும்னு இருந்துட்டேன். இப்ப நெஞ்சு அடிச்சுக்குது. அவருக்குத் தெரிஞ்சிருந்தா நான் அவர ஏமாத்தல. தெரியாமலே போயிருந்தா, ஒரு வருஷமா ஏமாத்தியிருக்கேன். எது சொல்லு."

நான் அவள் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்தார். சித்தியும் தம்பியும் இருக்கும்போதே அவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, "அண்ணன் அத நிறுத்தி ரொம்ப நாளாச்சே" என்றார்.

சித்தப்பா ஏற்கெனவே இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரரே மருந்தில்லை என்று சொல்லிவிட்டாரே. ஒரு நாள் பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் தோண்டிக் கேட்டபின்தான் டப்பா வெளியே வந்தது. இலை மாத்திரை ஞாபகத்தைக் கூட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த இதய மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், இன்றைக்கே நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். வைட்டமின் குறைவால் மறதி வந்திருக்குமோ என்று ரத்தமும் சோதித்தார்களாம். குறைவு ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த டப்பா?" என்றாள் சித்தி.

"அதுல புதினா மிட்டாய் போட்டுத் தரச் சொன்னாருக்கா. டப்பா காலியா இருந்தா வீட்ல பயந்துடுவா, அவ பாக்கறப்ப ஒண்ணு போட்டுக்கணும்னாரு."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிட்டாயா" என்று மட்டும் கேட்டாள்.

அவர் போனபின் சித்தி தான் துணியைத் தள்ளிவிட்டதைத் தம்பியிடமும் சொன்னாள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தோம். மாத்திரை வேலை செய்யவில்லை, ஏனென்றால் அவர் அதை எப்போதோ நிறுத்திவிட்டார். அப்படியானால் சித்தியின் கைதான். ஆனால் இடையில் சித்தி ஒரு வாரம் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வாரமும் துணி மாறவில்லை.

"உள்ள நான்தான் இருந்தேன்" என்றான் தம்பி. "இஸ்திரி போட்டு கைக்கு வந்த இடத்துல மாட்டினேன். எது யாரோடதுன்னு எனக்கு என்ன தெரியும்? அவரே எடுத்து எடுத்துக் குடுத்தாரு."

"எப்படி?"

"எப்படின்னா? கேக்கத் தோணல. மாத்திரைன்னு நெனச்சேன்."

ஒருவேளை வந்தவர்களே கையைக் காட்டியிருக்கலாம். ஒருவேளை தம்பியின் மிரட்டலில் கூடிய தடுமாற்றம் அவன் கம்ப்யூட்டர் பேச்சை விட்டதும் போயிருக்கலாம். தபால் நிலையத்தில் போய் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான் என்று நினைத்தால் அதுவும் ஒத்துவரவில்லை.

மறுநாள் கம்பியில் தொங்கிய துணிகளை உரியவர்களிடம் சேர்ப்பதற்காகக் கடையைத் திறந்தோம். சித்தி உள்ளே போய் ஒரு ஹேங்கரைத் தள்ளினாள். அது கீச்சென்று கத்தியது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஆரம்பத்துல இப்படித்தான் கத்தும். சத்தம் கேட்டுடுமேன்னு தூக்கித் தூக்கி வெப்பேன். அப்பறம் ஒரு நாள்லேருந்து வழுக்கிட்டுப் போச்சு. நீதான மெழுகு போட்டே?" என்றாள் மகனிடம்.

"நான் கம்பியத் தொட்டதே இல்லம்மா."

திரைக்கு அடியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. சித்தி வீட்டுக்குச் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் அவர் இறந்தார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் ஸ்டூலில் ஏறிக் கம்பியைத் தடவிப் பார்த்தேன். விரலில் மெழுகு ஒட்டியது.

"கம்பின்னா முழுசுக்கும்தான மெழுகு போடுவாங்க" என்றான் தம்பி. "அதுக்காக அவருக்குத் தெரியும்னு அர்த்தமா?" அவன் குரலில் பிடிவாதம் இல்லை. சித்தி அண்ணாந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்டரிலிருந்து திரை வரைக்கும் புதிதாக மெழுகு தேய்த்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், சித்தியின் பக்கம், பழைய மெழுகு தேய்ந்து துரு தெரிந்தது. பாதி தேய்ந்த மெழுகுவர்த்தி திரை வளையத்துக்குப் பக்கத்தில் கம்பிமேல் ஒட்டிக்கொண்டிருந்தது.