விமானத்தில் வந்தவருக்குப் பெற்றோல் காசு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் ஒருவரும் குளிக்க முடியாது. அதற்குள் இருபத்தைந்து ஐரிஷ்காரரின் சேறு ஊறிக்கொண்டிருக்கும். லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் ஒரு கடைக்கு மேலே, இரண்டு அறைகள் கொண்ட வீடு. மின்சார மீற்றருக்குள் ஐம்பது பென்ஸ் நாணயக் குற்றி போட்டால்தான் சுடுதண்ணீர் வரும். கறுப்புப் பொலித்தீன் பைக்குள் ஜேர்சிகளும் காற்சட்டைகளும் வந்து இறங்க, என் மனைவி மலர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பாள். "இஞ்சாருங்கோ, ஊரிலை உங்கடை சேட்டு ஒண்டை ஒருநாளாவது தோய்ச்சிருப்பியளே? இஞ்சை வந்து ஆற்றையோ சேத்தைத் தோய்க்கிறியள்" என்பாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. சம்பளமும் இல்லாமல் அந்த வேலையை மூன்று வருடம் செய்தேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவன், தென் லண்டனில் கட்டட வேலைத்தளத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தேன். சபாநாதன் என்ற பெயர் அங்கே நேதன் ஆகிவிட்டது. எங்களை வேலை வாங்கிய கங்காணி மார்ட்டின், ஐம்பது வயது ஐரிஷ்காரர். அவர்தான் பக்கத்து மைதானத்தில் விளையாடும் கேலிக் ஃபுட்போல் கழகம் ஒன்றின் தலைவரும். அது அவர்கள் நாட்டு விளையாட்டு. பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழக உடுப்புத் தோய்க்க ஆள் இல்லை, நீ செய்வாயா என்று கேட்டார். எவ்வளவு தருவீர்கள் என்று நான் கேட்டேன். அகதியாக வந்தவன் வேறு எதைக் கேட்பான்? அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கோப்பையிலிருந்து சிந்தியது. அவருடைய ஆங்கிலத்தை என் காது வாங்கிக்கொண்ட எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். "நேதன், இஞ்சை ஒருத்தருக்கும் ஒரு சதமும் இல்லை. விளையாடுறவனுக்கும் இல்லை, கோடு போடுறவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எல்லாம் அந்த ஜேர்சியிலை இருக்கிற அன்புக்காக." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிப்பட்ட மனிதர்களிடம் போய்க் கூலி கேட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டு, சரி என்றேன். இன்றைக்கு நினைத்தால் அந்த வெட்கத்தின் மீதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த மைதானத்துக்குப் போனபோதுதான் லண்டனில் முதல்முறையாக நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் சனம், பாதி விளையாட்டில் வரும் தேத்தண்ணி, நடுவரின் ஏழு தலைமுறைக்கும் விழுகிற ஏச்சு, எல்லாமே எனக்குத் தெரிந்தவைதான். ஊரில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு நான்தான் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். எனக்கு விளையாட வராது, குரல் மட்டும் வரும். அங்கே கொடுக்கிற எவரும் காதோடு காதாகக் கொடுப்பதில்லை. "இந்தக் கோலை அடித்த வீரருக்குச் சந்திச் சோடாக் கடை உரிமையாளர் ஐந்து ரூபா அன்பளிப்பு!" என்று நான் மைக்கில் சொல்லி முடிக்குமுன் கடைக்காரர் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்ப்பார். பெயரைச் சொல்ல மறந்தால் அடுத்த வருடம் ஆள் வேலிப்பக்கம்கூட வரமாட்டார். அயலூரிலிருந்து வரும் நடுவருக்குக் கொடுத்த பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்கூட அறிவிப்பில் வரும். கால் முறிந்தவனுக்கு அந்த இடத்திலேயே யாரோ தோளில் போட்டிருந்த சாரத்தை விரித்துக் காசு சேர்த்து, சேர்ந்த தொகையையும் சொல்லுவோம். அதில் பகட்டு இருந்தது, மறுக்கவில்லை. ஒளிப்பு மறைப்பு இருக்கவில்லை.

மூன்றாவது வருடம் கழகத்துக்குப் புது மனேஜர் வந்தார். ஐந்தாறு வருடமாக ஒரு வெற்றிக் கிண்ணமும் கிடைக்கவில்லை என்று அயர்லாந்திலிருந்தே ஆள் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை விமானத்தில் வருவார், ஞாயிறு இரவு திரும்பிப் போவார். ஒட்டக நிறத்தில் நீளமான கோட். சேறு படாத சப்பாத்து. அவர் வந்ததும் கிழமைக்கு இரண்டு நாள் இருந்த பயிற்சி நாலு நாளாகியது. அவர் இல்லாத நாட்களில் ஓட வேண்டிய ஓட்டத்தைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போவார். பகல் முழுக்கச் சீமெந்து குழைத்தவர்களும் கிடங்கு வெட்டியவர்களும் பின்னேரம் வந்து அந்தத் தாளின்படி ஓடினார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, உடுப்பு அறையில் நான் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தபோது, மார்ட்டின் மனேஜரிடம் தடித்த கடித உறை ஒன்றைக் கொடுத்தார். என்னைக் கண்டதும், "பெற்றோல் காசு" என்றார். விமானத்தில் வருகிற மனிதருக்கு என்ன பெற்றோல்? விமானத்துக்கு இவரா அடிக்கிறார்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தப்பாகத் தோன்றவில்லை. வேலை செய்கிறார், காசு வாங்குகிறார். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்றே நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே முறை என்பது எனக்குத் தெரியவில்லை.

டோனல் அந்த அணியின் ஆகக் கெட்டிக்காரன். இருபத்தாறு வயது, எங்கள் தளத்திலேயே சுவர் பூசுகிறவன். என் சோற்றுப் பெட்டிக்குள் கரண்டி விட்டுக் கத்தரிக்காய்க் கறியை எடுத்துத் தின்று, கண்ணில் தண்ணீர் வடிய நன்றாயிருக்கிறது என்பவன். பங்குனி மாதத்து மழையில், நாலாவது நாள் பயிற்சியில், வழுக்கி விழுந்து முழங்காலைத் திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் ஏணியில் ஏறக்கூடாது என்றார்கள். ஏணியில் ஏறாத பூச்சுக்காரனுக்கு எவன் சம்பளம் தருவான்? வாடகை கொடுக்க முடியாமல் அறையை விட்டு, ஒரு நண்பனின் வரவேற்பறைத் தரையில் போய்ப் படுத்தான். அப்போதுதான் விளையாட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பயிற்சி முடியச் சூடாக ஒரு நேரச் சாப்பாடு. வந்து போக பஸ் காசு. காயப்பட்டு வேலை இழக்கிறவனுக்கு ஏதாவது ஒரு உதவி. அவ்வளவுதான் கேட்டார்கள்.

மார்ட்டின் அந்தக் கடிதத்தை உடுப்பு மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். நான் மூலையில் ஜேர்சி மடித்துக்கொண்டிருந்தேன். வாசிக்க வாசிக்க அவருடைய கழுத்துச் சிவந்துகொண்டு வந்தது. "நீங்கள் என்ன கூலிக்கு ஆடுற கூட்டமோ? இது அமெச்சூர் விளையாட்டு, ஒருத்தரும் காசு வாங்கக்கூடாது எண்டதுதான் சட்டம். எங்கடை தேப்பன்மார் வெறும் வயித்தோடை விளையாடினவை. அன்பு இருக்கிறவன் ஜேர்சியைப் போடட்டும். இல்லாதவன் அந்த மர வாங்கிலை கழட்டி வைச்சிட்டுப் போகட்டும்!" மனேஜர் கதவோரம் நின்று தலையை ஆட்டினார். வெட்கம் கெட்ட அந்தத் தலையாட்டலை என்னால் இன்றுவரைக்கும் மறக்க முடியவில்லை. ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! அப்படியானால் அந்த உறைக்குள் இருப்பது என்ன என்று ஒருவனாவது கேட்க வேண்டுமே! எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். மார்ட்டின் திருடன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெனியும் எடுத்ததில்லை, கழகத்துக்காகச் சீட்டிழுப்பு ரிக்கெற் விற்றே முழங்கால் தேய்ந்த மனிதர். அந்த நல்ல மனிதர்தான் ஒருவனுக்குக் கொடுத்துக்கொண்டு இன்னொருவனை அன்பால் அடித்தார்.

அந்த வருடம் கிண்ணம் கிடைத்தது. மாரியில், தேவாலய மண்டபத்தில் ஆண்டு விருந்து. அவித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் சாப்பிட்டு முடிய, மூன்று வருடச் சேவைக்காக எனக்கும் ஒரு கண்ணாடிச் சாடி கொடுத்து, இரண்டு வார்த்தை பேசு என்று மைக்கைக் கையில் தந்தார்கள். மலர் என் பக்கத்தில் சேலையோடு நின்றாள். நாலு வருடத்துக்குப் பிறகு கையில் மைக். எனக்குப் பழைய ஊக்கம் வந்துவிட்டது. ஊரில் செய்தது போலவே தொடங்கினேன். பந்து வாங்கித் தந்த மதுக்கடைக்காரருக்கு நன்றி. ஜேர்சி வாங்கித் தந்த கொந்தராத்துக்காரருக்கு நன்றி. அவர்கள் கை தட்டினார்கள். "வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் மனேஜருக்குக் கடித உறையில் காசு கொடுத்து உதவும் தலைவர் மார்ட்டின் அவர்களுக்கும் கமிட்டிக்கும் நன்றி!"

பின் மேசையில் ஒருவன் பியரைச் சிந்திச் சிரித்தான். அதோடு மண்டபம் அடங்கிப்போனது. அந்த அமைதியில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் முன் மேசையில் டோனல், மூன்று மாதம் தாண்டியும் ஆறாத காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்தபடி இருந்தான், அவனுக்குப் பக்கத்தில் மனேஜர் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தார். எனக்குள் ஏதோ பொங்கியது. "அதே பெரிய மனதோடு டோனலின் முழங்காலுக்கும் ஏதாவது செய்வார்கள் என்று நம்புகிறேன்" என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னாயா என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். முதல் பாதி என் மடைத்தனம். இரண்டாம் பாதியை நான் தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு உடுப்புப் பை வரவில்லை. திங்கட்கிழமை தளத்தில், உனக்கு இனி இங்கே வேலை இல்லை என்று மார்ட்டின் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதைக்கூட நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது டோனல் வந்தது. தடியை ஊன்றி எங்கள் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து மலர் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். அவன் உட்காரவில்லை.

"உன்னை ஆர் கேட்டது?" என்றான். "கழகங்களை ஆளுற மேலிடத்துக்குக் கதை போயிட்டுது. கிண்ணத்தைப் பறிக்கப் போறாங்களாம். எங்கடை வீட்டுக்குள்ளை நடக்கிறதை நீ ஏன் ஊருக்குச் சொன்னனீ?"

"நான் உனக்காகத்தானே சொன்னனான்" என்றேன்.

"எனக்காகச் சொல்லுறதுக்கு நீ ஆர்?"

அவன் போன பிறகு கேத்தல் கொதித்துக் கொதித்து நின்றது. மலர் எடுத்து வைத்த கோப்பைகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். கிண்ணத்தை ஒருவரும் பறிக்கவில்லை. மேலிடம் இரண்டு பேரை அனுப்பி விசாரித்ததாகவும், அப்படி ஒரு உறையே கிடையாது என்று எல்லோரும் கையெழுத்து வைத்ததாகவும், டோனலும் வைத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். முழங்காலுக்கு ஒரு பெனியும் வரவில்லை. கோபத்தில் இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

எங்கள் ஆட்கள் வேறு மாதிரி என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் நினைத்தேன். அடுத்த கோடையில், லண்டனில் இருந்த எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டிக்கு அறிவிப்பாளராகக் கூப்பிட்டார்கள். சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்க, கொழும்பில் விளையாடிய ஒருவரைப் பிடித்திருந்தார்கள். நான் பட்டியலைக் கையில் எடுக்க, சங்கத் தலைவர் ஓடி வந்து காதுக்குள் குனிந்தார். "அண்ணை, கோச்சருக்குக் குடுக்கிறதை மைக்கிலை சொல்லிப்போடாதேங்கோ. அவர் வேலை இல்லையெண்டு அரசாங்கத்திட்டை பெனிபிட் காசு எடுக்கிறார்." பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கண் சிவக்க வந்து விளையாடுகிற பொடியங்களுக்கு ஒரு சோற்றுப் பார்சலாவது உண்டா என்று கேட்டேன். "அவங்கள் ஊர்ப்பற்றிலை வாறாங்கள் அண்ணை" என்றார். மார்ட்டினுடைய அன்புக்கு நாங்கள் பெயரை மட்டும் மாற்றியிருந்தோம். பட்டியலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, மனம் கேட்காமல், ஐரிஷ்காரரின் மைதானத்துக்குப் போனேன். வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு, தடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நுழைவுச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவன் டோனல். இனி விளையாட ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் வாசலில் நிற்கிறானாம். சம்பளமா என்று நான் கேட்கவில்லை. அவன் சேர்க்கிற காசு வெள்ளிக்கிழமை எந்த உறைக்குள் போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் கண்டு அவனுடைய கை ஒரு கணம் நின்றது.

"அங்கத்தவருக்கு இலவசம்" என்றான், கண்ணைத் தூக்காமல். "நீ காசு குடுக்க வேணும், நேதன். வெளியாக்கள் நிக்கிறது அந்தக் கரையிலை."

காசைக் கொடுத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு மைதானத்தின் மற்றக் கரைக்குப் போய், எதிரணியின் சனத்துக்குள் நின்றேன். இவர்கள் இன்றைக்குத் தோற்க வேண்டும், நாசமாய்த் தோற்க வேண்டும் என்றுதான் முழு மனதோடு நின்றேன். பத்தாவது நிமிடத்தில் எங்கள் கழகத்துப் பொடியன் ஒருவன் நாலு பேரைத் தாண்டிக்கொண்டு போய்ப் பந்தை வலைக்குள் அடித்தான். என்னை அறியாமலே வாய் திறந்து, தமிழில், தொண்டை கிழியக் கத்திவிட்டேன். அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.